ஆட்டிசக் குழந்தைக்குப் புலன்சார் சிகிச்சை: மற்ற பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் மகனுக்கு இப்போது 9 வயது. 3 வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்பது உறுதியானது. அதற்குப் பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், சென்னையில் இரண்டு மையங்களில் அவனுக்குப் புலன்சார் சிகிச்சை அளித்தோம். ஆக்குபேஷனல் தெரப்பி (ஓ.டி.) அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் புதிய பெற்றோர் என்னிடமும் என் மனைவியிடமும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஒரு குழந்தையின் தந்தை என்ற அளவில்தான் இந்தப் பதில்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

புலன்சார் சிகிச்சை என்றால் என்ன?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐம்புலன்களைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றோடு, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று உட்காதின் வழியே அறியும் சமநிலை உணர்வும், கை கால் எங்கே இருக்கின்றன, எவ்வளவு விசை கொடுக்கின்றன என்று தசைகளும் மூட்டுகளும் சொல்லும் உணர்வும், பசி, தாகம், சிறுநீர் முட்டுதல் போன்றவற்றை அறியும் உடலின் உள்நிலை உணர்வும் உண்டு. இவை அனைத்திலிருந்தும் வரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தினால்தான் ஒரு குழந்தையால் உட்கார்ந்து சாப்பிடவோ சட்டைப் பொத்தானைப் போடவோ முடியும் என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படைக் கருத்து. அமெரிக்காவில் ஓ.டி. துறையைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் என்ற பெண்மணி 1960களிலும் 70களிலும் இதை வகுத்தார். ஓ.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரப்பி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பெரிய துறை. புலன்சார் சிகிச்சை அதில் ஒரு பகுதிதான்.

என் குழந்தைக்கு இது தேவையா என்று எப்படி அறிவது?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் புலன்களில் ஏதேனும் ஒரு வகை மிகையோ குறையோ இருக்கிறது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல், ஆட்டிசத்தை அறிய உதவும் அடையாளங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் புலன் வேறுபாடு இருப்பதாலேயே சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. அது குழந்தையின் அன்றாட வாழ்க்கையை எங்கே மறிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மிகையும் குறையும் ஒரே உடலில் இருந்தன. மிக்ஸி ஓடினால் அவன் வாசற்கதவு வரை ஓடிவிடுவான். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்பதை எங்களுக்கு முன்பே அறிந்து காதைப் பொத்துவான். சட்டைக் கழுத்தின் லேபிள் உறுத்தினால் சட்டையையே கழற்றி எறிவான். அதே பையன் ஒரு மே மாத மதியத்தில் வெறுங்காலோடு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளங்கால் கொப்பளித்ததை இரவில் கால் கழுவிவிடும்போது நாங்கள்தான் கண்டுபிடித்தோம். சத்தத்தை அளவுக்கு மீறி உணர்பவன் சூட்டை உணராமல் இருந்தது முதலில் எங்களுக்குப் புரியவே இல்லை. புலனுக்குப் புலன் இது மாறும் என்று தெரிந்த பிறகுதான், அவன் சுற்றிச் சுற்றிச் சுழல்வதும் நுனிக்காலில் நடப்பதும் சோபாவிலிருந்து குதிப்பதும் குறும்பாகத் தெரிவது நின்றது. போதாத உணர்வைத் தேடி அலைகிறான் என்று தெரப்பிஸ்ட் விளக்கினார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசுத் தாள்களில் ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். எங்கள் மகனைப் பொறுத்தவரை புற உலகம் தடுப்பே இல்லாமல் உள்ளே வந்து விழுவதுதான் அவன் படும் பாடு.

சிகிச்சைக்குப் போகுமுன் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். செவித்திறன் சோதனையும் கண் சோதனையும் முதலில் முடிந்திருக்க வேண்டும். பல் சொத்தை, காதுச் சீழ், மலச்சிக்கல் ஆகியவற்றைப் பேசாத குழந்தை சொல்லத் தெரியாமல் வேறு விதத்தில் காட்டும். 5 வயதில் எங்கள் மகன் இரண்டு வாரம் கன்னத்தில் தன்னைத்தானே அறைந்துகொண்டான். புலன் தேடல் என்று நாங்களாகவே முடிவு கட்டி, தாடையை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தோம். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தது. இன்றும் நினைத்தால் கூசுகிறது. பழக்கத்தில் திடீர் மாற்றம் தெரிந்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

வலிப்பு வந்த வரலாறு இருந்தால் ஊஞ்சலிலும் சுழல் பலகையிலும் ஏற்றுமுன் தெரப்பிஸ்ட்டிடம் சொல்லியாக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

அடம் பிடிப்பதையும் தாங்க முடியாமல் கதறுவதையும் எப்படிப் பிரித்தறிவது?

எப்போதும் பிரித்தறிய முடியாது. எங்கள் அனுபவத்தில், அடம் என்றால் கேட்டது கையில் கிடைத்ததும் நின்றுவிடும். புலன் தாங்காமல் வரும் கதறல், காரணமான சத்தம் நின்ற பிறகும் அரை மணி நேரம் ஓடும். முடிந்ததும் அவன் களைத்துத் தூங்கிவிடுவான். அந்த நேரத்தில் அறிவுரையும் அதட்டலும் மேலும் இரண்டு சத்தங்களாகத்தான் அவன் காதில் விழும். விளக்கை அணைத்துவிட்டு, பேசாமல் அருகில் உட்கார்ந்திருப்பது ஒன்றே எங்களுக்குப் பயன்பட்டது.

முதல் மையத்தை ஏன் விட்டு விலகினீர்கள்?

பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன். சேர்ந்த அன்றே மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். 45 நிமிடம் கழித்து, “இன்னைக்கு நல்லா பண்ணினான் சார்” என்று ஒரே வரியில் ஒப்படைத்தார்கள். என்ன செய்தான், எதற்காகச் செய்தான் என்று கேட்டால், “சென்சரி கொடுத்தோம்” என்பார்கள். சென்சரி என்பது சொட்டு மருந்து போலக் கொடுக்கும் பொருள் என்றே நாங்களும் சில வாரங்கள் நம்பினோம்.

ஏழாவது வாரம், அந்தத் தெருமுனை வந்ததும் அவன் ஆட்டோவில் வாந்தி எடுத்தான். மறுமுறையும் எடுத்தான். மூன்றாம் முறை நான் உள்ளே வந்துதான் தீருவேன் என்று நின்றேன். பந்துகள் நிறைந்த தொட்டிக்குள் அழ அழ அவனை இறக்கிவிட்டு, எழாதபடி தோளை ஒருவர் பிடித்திருந்தார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார்கள். ஏர்ஸ் வகுத்த முறையின் உயிரே குழந்தை தானாக விரும்பி விளையாட்டில் இறங்குவதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அந்த விவரம் தெரியாது. என் பிள்ளையின் முகம் மட்டும் தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை.

அப்படியானால் நல்ல தெரப்பிஸ்ட்டை எப்படிக் கண்டுகொள்வது?

ஓ.டி.யில் பட்டம் பெற்றவரா என்று நேரடியாகக் கேளுங்கள். பி.ஓ.டி. என்னும் அந்த இளநிலைப் பட்டம், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கும் மேற்பட்ட படிப்பு. சில நாள் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தவர்களும் தங்களைப் புலன்சார் சிகிச்சை நிபுணர் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்கள் இரண்டாவது தெரப்பிஸ்ட் முதல் மூன்று முறையும் சிகிச்சை என்று எதையும் தொடங்கவில்லை. அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தார். எங்களிடம் நீண்ட கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒரு வாரம் அவன் எழுந்தது முதல் தூங்கியது வரை எந்த நேரத்தில் எதற்குக் கலங்கினான் என்று நோட்டில் குறிக்கச் சொன்னார். பிறகு அவர் கேட்டது இது: “உங்க வீட்ல தினமும் சண்டையா இருக்கிற மூணு விஷயம் சொல்லுங்க.” பல் துலக்குவது, முடி வெட்டுவது, பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று சொன்னோம். அந்த மூன்றையும் தாளில் எழுதி, இப்போதைய நிலை என்ன, பத்து வாரத்தில் எதை முன்னேற்றம் என்று கருதுவோம் என்று எதிரெதிரே குறித்து இருவரும் கையெழுத்திட்டோம். சிகிச்சை நடக்கும் அறையில் எங்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை அவரே நிபந்தனையாக வைத்தார்.

இது உண்மையில் பலன் தருகிறதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இந்தச் சிகிச்சையை முழுமையான திட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்கலாம், ஆனால் இதன் பலனுக்கான சான்றுகள் குறைவானவை, முடிவானவை அல்ல என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2014இல் அமெரிக்காவில் 32 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வாரம் மூன்று அமர்வாகப் பத்து வாரம் பெற்றவர்கள் தங்களுக்கென வகுத்த தனிப்பட்ட இலக்குகளில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இன்னும் பெரியது. 4 முதல் 11 வயது வரையுள்ள 138 குழந்தைகளிடம் நடந்த அதில், எரிச்சலும் கொந்தளிப்பும் குறைகின்றனவா என்று பார்த்தபோது, வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்கள் மேம்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்து நான் புரிந்துகொண்டது இது. “பையன் மொத்தமாக அமைதியாகிவிட வேண்டும்” என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். “பல் துலக்கும்போது இருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஒருவரே போதும் என்று ஆக வேண்டும்” என்பது போல ஒன்றைக் குறித்துக்கொண்டு போனால், அது நடந்ததா இல்லையா என்பதாவது தெரியும். எங்கள் மூன்று இலக்குகளில் பல் துலக்குவது பத்து வாரத்தில் கைகூடியது. முடி வெட்டுவதற்கு ஓராண்டு பிடித்தது. சாப்பாட்டில் ஏறத்தாழ ஒன்றுமே மாறவில்லை.

முடி வெட்டுவதை எப்படிச் சாதித்தீர்கள்?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெஞ்சில் மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2 வயதில் குலதெய்வம் கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டபோது நான்கு பேர் பிடித்திருந்தோம். அதற்குப் பின் சலூன் நாற்காலியைக் கண்டாலே அலறல்தான். அவன் தூங்கும்போது கத்தரிக்கோலும் கையுமாக என் மனைவி உட்காருவார்.

தெரப்பிஸ்ட் முடிவெட்டை அதன் புலன்களாகப் பிரித்தார். டிரிம்மரின் அதிர்வு, கழுத்தைச் சுற்றும் நைலான் துணி, முகத்தில் விழும் முடித் துணுக்கு, தண்ணீர் தெளிப்பது, கடைசியில் பவுடர் பிரஷ்ஷால் கழுத்தைத் தட்டிவிடுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்ததில், அவனுக்கு மிகக் கொடியது அந்தப் பவுடர் பிரஷ் என்று தெரிந்தது! மெல்லிய தொடுகை அவனுக்கு ஆகாது. அழுத்தமான தொடுகை பிடிக்கும். ஆகவே பிரஷ்ஷும் டிரிம்மரும் விலக்கப்பட்டன. நைலானுக்குப் பதில் அவனுடைய பழைய ஈரத் துண்டு. வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் தோளையும் தலையையும் உள்ளங்கையால் அழுத்திவிடுவோம். கத்தரிக்கோலின் சத்தத்தை மட்டும் சில வாரங்கள் முடியைத் தொடாமல் கேட்க வைத்தோம். எங்கள் தெருச் சலூன்காரர் கடை விடுமுறையான செவ்வாயன்று வீட்டுக்கே வந்தார். முதல் முறை பாதித் தலையோடு அவன் எழுந்துவிட்டான். மீதியை வெட்ட அவர் மறுபடி வரும்வரை இரண்டு நாள் அந்தக் கோலத்திலேயே பள்ளிக்குப் போனான்; வகுப்பில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சலூனுக்கே போகிறோம். முதல் ஆளாக, காலை ஏழு மணிக்கு, டிவியை நிறுத்திவிட்டு.

வீட்டில் என்ன செய்யலாம்? கருவிகள் வாங்க வேண்டுமா?

வாங்கிய கருவிகளில் பாதி இன்று பரணில் கிடக்கின்றன. நம் வீடுகளிலேயே இதற்கான பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவனுடைய பாட்டி எந்தப் படிப்பும் இல்லாமல் முன்பே செய்துகொண்டிருந்தவை பலவற்றைத் தெரப்பிஸ்ட் அப்படியே தொடரச் சொன்னார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் கை காலை நீவிவிடுவது அழுத்த உணர்வு. சேலைத் தூளியில் ஆட்டுவது சமநிலை உணர்வு. தூளியின் முடிச்சையும் உத்தரத்துக் கொக்கியையும் வளரும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி மறுபடி சோதிக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் சேர்த்த எச்சரிக்கை. பாயில் சுருட்டி உருட்டும் விளையாட்டும் அவனுக்கு மிகப் பிடிக்கும். தலையும் முகமும் வெளியே இருக்க வேண்டும். போதும் என்று அவன் காட்டிய நொடியில் விட்டுவிட வேண்டும்.

தசைக்கு வேலை கொடுக்கும் காரியங்கள்தாம் அவனை மற்ற எல்லாவற்றையும்விட நிதானப்படுத்தின. அரை வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிச் செல்வது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, ஐந்து கிலோ அரிசிப் பையை இழுத்து வருவது ஆகியவற்றை நேரம் குறித்துச் செய்ய வைத்தோம். சென்சரி டயட் என்று இதற்குப் பெயர். உணவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு முறை, மாலை வீடு திரும்பியதும் ஒரு முறை, படுக்குமுன் சுழற்சி எதுவும் இல்லாமல் அழுத்தம் மட்டும் ஒரு முறை. இதில் பயன்பட்டது பட்டியல் அன்று, அதன் நேரம். அவன் கலங்கிய பிறகு வாளியைக் கையில் கொடுத்தால் வாளிதான் பறக்கும்.

எடைப் போர்வை, ஹெட்ஃபோன், பிரஷ் கொண்டு தேய்ப்பது பற்றி?

உடலை அழுத்திப் பிடிக்கும் உணர்வு அமைதி தருவதாக ஆட்டிசம் உள்ளவர்களே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், மாடுகளைத் தடுப்பூசிக்காக அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, தன்னை அழுத்திக்கொள்ளத் தானே ஒரு பொறியைச் செய்துகொண்டவர். பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். ஆனால் எடைப் போர்வை (உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வை) தூக்கத்தைக் கூட்டுகிறதா என்று பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தூக்க நேரம் கூடவில்லை. வியப்பு என்னவென்றால், குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. எங்களுக்கும் அதே கதைதான், சென்னை வெயிலில் அதை விரிக்கும் மாதங்கள் குறைவு என்பது தவிர. குழந்தை தானே விலக்க முடியாத எடை வேண்டாம். முகத்தை மூடக் கூடாது.

சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் நாங்கள் செலவிட்டவற்றில் மிக நல்ல செலவு. அதை நாள் முழுவதும் மாட்டி வைத்தால் சிறு சத்தமும் தாங்காமல் போகலாம் என்று தெரப்பிஸ்ட் எச்சரித்ததால், பேருந்து நிலையம், மண்டபம் போன்ற இடங்களோடு நிறுத்திக்கொண்டோம். பிரஷ்ஷால் உடலைத் தேய்க்கும் முறைக்கு வலுவான சான்று இல்லை. முதல் மையம் செய்தது. எங்களுக்கு மாற்றம் தெரியவில்லை.

சாப்பாட்டில் மாற்றம் வந்ததா?

வரவில்லை என்று முன்பே சொன்னேன். தோசையின் முறுகல் ஓரம், அப்பளம், முறுக்கு, வறுத்த உருளைக்கிழங்கு என்று மொறுமொறுப்பானவை மட்டுமே அவன் உலகம். சாம்பார் சாதத்தில் ஒரு காய்த் துண்டு தட்டுப்பட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது. இப்போது கேழ்வரகையும் பருப்பையும் மாவில் சேர்த்து முறுகலாகவே கொடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தச் சோதனை செய்து குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். வற்புறுத்தி ஊட்டுவதை நிறுத்தியதில் எடை கூடவில்லை. வீட்டில் சத்தம் குறைந்தது.

திருமணம், திருவிழா, தீபாவளி ஆகியவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கெட்டி மேளத்துக்குக் கால் மணி முன்பே மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்போம். உறவினர் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொருவருக்கும் விளக்குவதை நான்காவது திருமணத்தோடு விட்டுவிட்டேன்.

தீபாவளி கடினம். தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று அரசு நேரம் வகுத்திருந்தாலும் தெரு அதைக் கேட்பதில்லை. உள்ளறையில் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, ஹெட்ஃபோனும் தூளியுமாக அந்த இரவைக் கடக்கிறோம். வெடிக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் அவனால் ஓரளவு தாங்க முடிகிறது. அதனால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கொளுத்துமுன் எங்கள் ஜன்னலைப் பார்த்து, “அண்ணா, சரம் வைக்கப் போறோம்” என்று குரல் கொடுக்கிறார்கள். அவனைவிடச் சின்னவர்கள், அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் கேட்டவை செலவில்லாதவை: மணிக்கு அருகில் இல்லாத இருக்கை, இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையின் கடைசி இடம், லேபிளை நீக்கிய பழைய பருத்திச் சீருடை. வகுப்பு நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறைக்குத் தூக்கிச் செல்லும் வேலையை அவனுக்குக் கொடுக்கும்படியும் கேட்டோம். அது அவனுக்கு மருந்து, ஆசிரியைக்கு உதவி.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

எங்களிடம் ஓர் அமர்வுக்கு 700 ரூபாய் வாங்கினார்கள். வாரம் இரண்டு அமர்வு. கட்ட இயலாதவர்கள் மாவட்ட அளவில் குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் அரசுத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை முதலில் அணுகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் ஓ.டி. பிரிவு உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலானது. தெரப்பிச் செலவுக்கும் அதற்குள் தனி உச்சவரம்போடு இடம் இருக்கிறது. ரசீதில் தெரப்பிஸ்ட்டின் பெயரும் தகுதியும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

இதனால் பேச்சு வருமா?

அப்படி யாராவது உறுதி தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் மகன் சில சொற்கள் பேசுகிறான். அவை பேச்சுப் பயிற்சியில் வந்தவை.

எப்போது நிறுத்தினீர்கள்?

அவனுக்கு 8 வயதானபோது, புதிய இலக்கு என்ன என்று தெரப்பிஸ்ட் கேட்டார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத ஒன்றும் தோன்றவில்லை. மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசினால் போதும் என்றார். மிக்ஸியின் சத்தம் இன்றும் அவனுக்குப் பிடிக்காது. ஓடிப்போவதற்குப் பதில், அரைக்க எடுத்துவைத்த தேங்காயைக் கண்டதும் தன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வந்து, சுவிட்சைத் தானே போடுகிறான்.